சிறிய தோட்டப் பாடசாலைகளை மூடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் தொகை குறைந்த தேயிலைத் தோட்டப் பாடசாலைகளை அருகிலுள்ள பெரிய பாடசாலைகளோடு இணைத்துவிட்டால் ஆசிரியர் பற்றாக்குறையும் தீரும், பிள்ளைகளும் முன்னேறுவார்கள் என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர் சொல்வதில் ஒரு பகுதியை நானும் ஏற்கிறேன். கூப்பிடு தூரத்தில் இரண்டு பாடசாலைகள் இருந்து, இரண்டிலும் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தால் அவற்றை ஒன்றாக்குவதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ‘அருகிலுள்ள’ என்ற அவருடைய சொல்லை இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் படித்த தோட்டப் பாடசாலை மூடப்படலாம் என்ற கதை காதில் விழுந்தபோது, கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு இருபத்தெட்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதானால் பெண்கள் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பதால், அதை எடுத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளான லயத்தில் உள்ள அம்மாவின் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். தரம் 5 வரை மட்டுமே உள்ள அந்தப் பாடசாலையில் அப்போது 31 பிள்ளைகளும், அதிபரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். நீளமான ஒரே மண்டபம். வகுப்புகளைப் பிரிக்கத் தட்டிகூட இல்லாததால், தரம் 4 பிள்ளைகள் சொல்லும் வாய்பாட்டைத் தரம் 2 பிள்ளைகளும் தம் பாட்டில் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதிபர் அலுமாரியிலிருந்து பழைய சேர்வு இடாப்பை எடுத்துக் காட்டினார். 1979 ஜனவரிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. அதே பக்கத்தில் என்னோடு சேர்ந்தவர்களில் ஏழு பேரின் பெயர்களுக்கு நேரே, விலகிய காரணம் எழுதும் நிரலில், சிவப்பு மையால் ‘இந்தியா சென்றார்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது என்பதைப் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு நாள் புதுச் சட்டையோடு வந்து, தன் சிலேற்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதுதான். 1984இல் இந்தியாவுக்குப் போன தலைமன்னார்க் கப்பல் நிற்கும் வரை இடாப்பின் பக்கங்கள் இப்படியே சிவந்துகொண்டு போகின்றன. லயம் லயமாக ஆட்கள் போன அந்தக் காலத்தில்கூட, தொகை குறைந்துவிட்டது என்று இந்தப் பாடசாலையை யாரும் மூடவில்லை.

இப்போதைய குறைவுக்குக் காரணம் வேறு. பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் இல்லை என்று கல்விப் பகுதியினர் சொல்கிறார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டதில், ஆசிரியர் நிலைக்காததால்தான் பிள்ளைகளை எடுத்தோம் என்றே அநேகமான பெற்றோர் சொன்னார்கள். நகரப் பாடசாலைக்குப் போகும் வேனுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் ஏழாயிரம் ரூபா; 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் இது ஐந்து முழுப்பேருக்கு, அதாவது ஐந்து முழுநாள் சம்பளத்துக்கு, மேல். இவ்வளவையும் கொடுத்துப் பிள்ளையை அனுப்பும் தாய்க்குக் கல்வியில் அக்கறையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொடுக்க இயலாதவர்களின் பிள்ளைகள்தான் அந்த 31 பேர். பாடசாலையை மூடினால் வேன் அவர்களுக்காக இலவசமாக ஓடப்போவதில்லை.

நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். காலையில் பஸ், பிறகு ஓட்டோ, கடைசி இரண்டு மைல் நடை என்றால் யார்தான் முதல் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்காமல் இருப்பார்கள்? பாடசாலை வளவில் இரண்டு அறை கொண்ட விடுதி ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் காணி அரசாங்கத்தினுடையது. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனதிலிருந்து ஒரு துண்டு நிலத்துக்கும் இரண்டு பக்கத்துச் சம்மதம் தேவைப்படுகிறது. விடுதிக்காக அதிபர் எழுதிய கடிதத்தின் பிரதிகள் மட்டும் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

தோட்டத்துத் துரைமார் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் படிப்புக்கு வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. இலவசக் கல்வி 1945இல் வந்தும், எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை அதன் பயன் லயத்துக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. அப்படித் தாமதித்து வந்ததைத்தான் இப்போது தொகைக் கணக்குப் பார்த்துத் திருப்பி எடுக்கப் பார்க்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பியதால் நான் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. பின்னேரங்களில் கணிதமும் வாசிப்பும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்பது பிள்ளைகள் வேனை விட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். வெளியூர்களில் நல்ல நிலையில் இருக்கும் பழைய மாணவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: தயவுசெய்து இன்னொரு வரவேற்பு வளைவு வேண்டாம். (அன்பளிப்புச் செய்தவரின் பெயர் பாடசாலையின் பெயரைவிடப் பெரிதாக எழுதப்பட்ட தண்ணீர்த் தாங்கி ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, தண்ணீர்தான் அதற்கு ஏறுவதில்லை.) விடுமுறையில் இரண்டு கிழமை வந்து நின்று ஒரு வகுப்பை எடுத்தால் அதுவே பெரிய உதவி.

இணைப்பதற்கென்று சொல்லப்படும் ‘அருகிலுள்ள’ பாடசாலை ஆறு கிலோமீற்றரில் இருக்கிறது. பாதை தேயிலை மலைக்குள்ளாலும் ஒரு காட்டுத் துண்டின் ஓரத்தாலும் போகிறது. குளவிக் கூடுகளும், அவ்வப்போது சிறுத்தையின் கால்தடமும் உள்ள வழி. இப்போது கீழ்ப் பிரிவிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் ஒன்றரைக் கிலோமீற்றரிலேயே, ஆனி, ஆடி மழையில் பிள்ளைகளின் காலுறைக்குள் அட்டை ஏறிவிடும். வாசலில் உட்கார வைத்து, சவர்க்காரத்தைத் தேய்த்து அட்டைகளைக் கழற்றிய பிறகுதான் முதலாம் பாடம் தொடங்குகிறது. போன வருடம் தரம் 1 பிள்ளை ஒன்று, இரத்தம் நிற்காத காலைத் தாளால் பொத்திக்கொண்டே ‘அ’ எழுதியது.

ஆகவே, மூடுவதா இல்லையா என்று முடிவெடுக்கும் முன் ஆசிரியர் இருவரையேனும் மூன்று வருடங்களுக்கு மாற்றாமல் தந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரில் பார்க்க வரும் அதிகாரிகள் ஜீப்பை, காலையில் தொழிலாளருக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் நிறுத்திவிட்டு, காலை ஆறேகாலுக்குக் கீழ்ப் பிரிவிலிருந்து பிள்ளைகளோடு நடந்து வர வேண்டும். சவர்க்காரத்தை நான் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
பழைய மாணவி ஒருவர்,
மஸ்கெலியா.