வருஷங்களுக்கு இடையே உள்ள தூரம்: நீலகிரி சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

குன்னூரில் மாலை வேளையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: 1799 திப்பு சுல்தான் மறைவு, 1819 கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலைக்கு வந்தது, 1899 குன்னூருக்கு ரயில். ஒன்றும் பிசகவில்லை. அப்புறம் கேட்டாள்: "மிஸ், திப்பு நம்ம ரயில்ல வந்திருக்காரா?"

அவள் மேல் தப்பில்லை. வருஷங்கள் அவளுக்கு ஃபோன் நம்பர் மாதிரி. இடையில் உள்ள தூரத்தை நான் காட்டவே இல்லை.

மறுநாள் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினோம். பத்து வருஷத்துக்கு ஒரு சாண். திப்புவிலிருந்து குன்னூர் ரயிலுக்குப் பத்து சாண். ரயில் ஊட்டி வரை போன 1908, இன்னும் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் வருஷத்தைச் சொல்லாமல், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனை மரங்களைக் கொண்டுவந்து கட்டியது என்று மட்டும் சொன்னேன். "அப்போ திப்புவுக்கு அப்புறம்தான்" என்று அவளே கிளிப்பை மாட்டினாள். 1831-இல் திறந்தார்கள் என்பதைப் பிறகுதான் சொன்னேன். இன்றுவரை மறக்கவில்லை.

ஒரு படுகப் பையன் கேட்டான், திப்புவுக்கு முன்னால் இங்கே யாருமே இல்லையா என்று. ஹொய்சள மன்னர் விஷ்ணுவர்தனன் காலத்து 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களைக் குறிப்பிடுகிறது. கணக்குப் போட்டால், திப்புவிலிருந்து பின்னோக்கி 68 சாண்! இன்னொரு கயிறு முடிந்தோம். அது வாசலைத் தாண்டி, படியிறங்கி, தேயிலைச் செடி வரை போனது. அந்தக் கல்வெட்டுக்கும் முன்பே தோடர்கள் இங்கே இருந்தவர்கள் என்றதும், அந்தப் பையன் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கப் பார்த்தான்.

உங்களிடம் கேட்பது இரண்டு. காலக்கோடு வரையச் சொல்லும்போது கட்டங்களைச் சமமாகப் போடாமல், வருஷ இடைவெளிக்குத் தக்க அளவு வைத்து வரையச் சொல்லுங்கள். காலவரிசைக் கேள்வியில் "எது முந்தியது, எப்படித் தெரியும்?" என்றும் கேளுங்கள். வருஷம் தவறினாலும், காரணம் சரியாக எழுதிய பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்ணாவது கொடுங்கள்.