நைவாஷா கழுதைகளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

கழுதைக்கு நல்லது செய்தால் நன்றியாக உதைதான் கிடைக்கும் என்று கென்யாவில் ஒரு பழமொழி உண்டு. அதனால் நன்றி சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பி, வீடு கட்டி, அப்புறம் அது இது என்று தள்ளிப்போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கப் பழகிய என்னைப் போன்ற பலர் கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைப் பூப்பண்ணைகளில் வேலை பார்த்திருக்கிறோம். பண்ணைத் தொழிலாளர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் கராகிட்டாவில் எல்லா வீட்டுக்கும் குழாய் கிடையாது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகள் சிரித்தால் பல்லில் காவி தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடிக்கிற தண்ணீர் 20 லிட்டர் மஞ்சள் கேன்களில், கழுதை வண்டியில்தான் வரும்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரை 'மாமா' என்று கூப்பிடுவோம். அங்கே மாமா என்றால் அம்மா. முதல் வாரம் எனக்கு வாயே வரவில்லை. பழைய கார் அச்சின்மேல் பலகை அடித்த வண்டி. சாம்பல் நிறப் பெட்டைக் கழுதை ஒன்று. எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று அதற்கே தெரியும். என் அறைச் சுவரில், நம் வீடுகளில் மாட்டுகிற 'என்னைப் பார் யோகம் வரும்' கழுதைப் படம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மாமா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "யோகம் தினமும் உன் வாசலுக்கே வருகிறதே, படம் எதற்கு?" என்றார்.

2018-ல் ஒரு நாள் காலை அவர் வண்டியில்லாமல் வந்தார். நெற்றியில் பட்டை கட்டி, முதுகில் ஒரே ஒரு கேன். ராத்திரி கழுதையை அவிழ்த்துப் போயிருந்தார்கள். வேலமரப் புதருக்குப் பின்னால் கிடந்தது. தோலை மட்டும் உரித்துக்கொண்டு மற்றதை அப்படியே விட்டுவிட்டிருந்தார்கள். முதுகில் புண் படாமலிருக்க மாமா தைத்துப் போட்டிருந்த சாக்குத் துண்டு பக்கத்தில் மடிந்து கிடந்தது. அதை எடுத்து உதறி மடித்து வைத்துக்கொண்டாரே தவிர, அவர் அழவில்லை. தோலை எங்கே விற்றார்கள் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

தோல் எதற்கு என்று நானும் அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சீனாவில் 'எஜியாவ்' என்று ஒரு மருந்துப் பசை. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுப்பது. ரத்தத்துக்கு நல்லது, முகத்துக்கு நல்லது என்று டானிக்காக, மிட்டாயாக, கிரீமாக விற்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கோடிக்கு மேல் இருந்த கழுதைகள் பிறகு இருபது லட்சத்துக்கும் கீழே குறைந்துபோயின. கழுதை வயிற்றில் குட்டி ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும், அதுவும் ஒரே குட்டி. கோழிப்பண்ணை மாதிரிப் பெருக்க முடியாது. சொந்த நாட்டில் தீர்ந்ததும் வியாபாரிகளின் பார்வை ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியது. உலகம் முழுவதும் ஆண்டுக்குக் குறைந்தது 59 லட்சம் தோல் தேவைப்படுகிறது என்பது பிரிட்டனின் 'டாங்கி சாங்சுவரி' அமைப்பின் மதிப்பீடு. கென்யாவில் மட்டும் ஏற்றுமதிக்காக நான்கு கழுதை இறைச்சிக்கூடங்களுக்கு உரிமம் கொடுத்திருந்தார்கள்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில், பணம் போட்ட ஓசூர் நண்பர்களுக்கு. ஒரு கழுதைதானே, வாங்கிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்றுதான் நான் வசூலுக்கு இறங்கினேன். விலையோ முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு ஆகியிருந்தது. நீங்கள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "கழுதைக்கா?" என்று ஒருவர் மட்டும் கேட்டார், கேட்டுவிட்டு மற்ற எல்லோரையும்விட அதிகமாக அனுப்பினார்.

புதுக் கழுதை வந்த அன்று மாமா ராத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வாங்கிக் கொடுப்பது சுலபம், காப்பாற்றுவதுதான் பாடு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதைச் செய்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். தனித்தனியாகக் கட்டியிருந்த 14 கழுதைகளை ஒரே பட்டிக்குள் கொண்டுவந்தார்கள். வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையன்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். சந்தேகமாகச் சத்தம் கேட்டால் நாலைந்து வண்டிகளின் விளக்கையும் பட்டியை நோக்கிப் போடுவார்கள், பெண்கள் தகரத்தைத் தட்டுவார்கள். விடிய விடிய ஃபிளாஸ்க்கில் தேநீர். பகலெல்லாம் சவாரி ஓட்டிக் களைத்த பிள்ளைகள், ஒரு ஷில்லிங் கேட்கவில்லை. தம்பிகளா, உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாராவது படித்துச் சொல்வார்கள்.

குடற்புழு மருந்து கொடுத்து, குளம்பைச் சீவிவிட்டு, அதற்குக் கூலி வாங்காத கால்நடை மருத்துவருக்கும் நன்றி.

அடுத்து, நான் முகம் பார்க்காதவர்கள். திருட்டு பொறுக்காமல் கென்யா முழுவதும் தெருவுக்கு வந்த கழுதைக்காரர்கள். அவர்களோடு நின்ற, உழைக்கும் கழுதை குதிரைகளின் நலன் பார்க்கும் ப்ரூக் அமைப்பும் அதன் கூட்டாளிகளும். 2016 ஏப்ரல் முதல் 2018 டிசம்பர் வரை 3 லட்சத்துக்கு மேல் அறுபட்டிருக்கின்றன, இதே வேகத்தில் போனால் 2023-க்குள் நாட்டில் கழுதையே இருக்காது என்று 2019-ல் கணக்குப் போட்டு எழுதிய கென்ய வேளாண், கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார். 2020 பிப்ரவரியில் கழுதை அறுப்புக்குத் தடை அறிவித்த அமைச்சர் பீட்டர் முன்யா.

அந்தத் தடை 2021-ல் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்தச் செய்தி வந்தபோது நான் ஓசூரில் இருந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்தேன். அங்கே இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. 2022 டிசம்பரில் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் கூடிப் பேசினார்கள். 2024 பிப்ரவரியில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில், தோலுக்காகக் கழுதை அறுப்பதை 15 ஆண்டுகளுக்குக் கண்டம் முழுக்க நிறுத்த வேண்டும் என்று ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு நாடும் இதைத் தன் சட்டமாக்கிக் காவல் பார்த்தால்தான் நடக்கும். தோல் கடத்துகிறவன் தீர்மானம் படிப்பதில்லை.

நம் ஊரையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2012-ல் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019 கணக்கெடுப்பில் 1.2 லட்சம்தான். டிப்பர் லாரியும் வாஷிங் மெஷினும் வந்ததும் ஒரு காரணம். தோல் வியாபாரத்தின் கை இங்கேயும் நீண்டிருப்பதாக ப்ரூக் இந்தியா 2022-ல் சொன்னது. 'கழுதைப்பாலே' என்று தெருவில் கூவுகிற குரலை நான் கேட்டே வெகுநாளாகிறது.

வசூலில் மீதியிருந்த பணத்தில் பட்டிக்கு இரும்புக் கதவும் பூட்டும் போட்டார்கள். போன மாதம் மாமாவின் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். நீங்கள் வாங்கிக் கொடுத்த கழுதை குட்டி போட்டிருக்கிறது. காதுதான் உடம்பைவிடப் பெரிதாக இருக்கிறது. தாயின் முதுகில் அதே சாக்குத் துண்டு, ஓரம் மட்டும் புதிதாகத் தைத்தது. தடுப்பூசி போட வந்த மருத்துவருக்கு முழங்காலில் நன்றாக ஒன்று விழுகிறது. மாமா பின்னாலிருந்து சிரிப்பது கேட்கிறது.

அன்புடன்,
ஓசூரிலிருந்து ஒரு பூப்பண்ணைக்காரன்