ஆம்ஸ்டர்டாமுக்கு இப்படியா வழி சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில் ஒரு வரி: "ஆம்ஸ்டர்டாமில் ரயிலை விட்டு இறங்கியதும் வாடகை சைக்கிள் எடுத்துவிடுங்கள், ஒரே நாளில் ஊரைச் சுற்றிவிடலாம்." உங்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டு விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருந்தும் இந்த வரியை எப்படி விட்டீர்கள்?

இங்கே சைக்கிள் பாதை என்பது வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் விரைந்து வரும் சாலை. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இங்கே எல்லாமே வலப்பக்கம். தரையில் போட்டிருக்கும் வெள்ளை முக்கோணங்களின் முனை நம்மைப் பார்த்திருந்தால் நாம்தான் வழிவிட வேண்டும். எந்தக் குறியும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். மழையில் இரும்பு வழுக்கவும் செய்யும். கூடியவரை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். வாடகை வண்டிகள் பலவற்றில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். நம்மூரில் சிக்னலில் நின்றபடியே பெடலைப் பின்னால் சுற்றி வாகாக வைத்துக்கொள்வோமே, இதில் அது நடக்காது, இறுகிவிடும். ஒரு பெடல் மேலே, சற்று முன்னால் இருக்கும்போதே வண்டியை நிறுத்த வேண்டும். தவறினால் பச்சை விழுந்ததும் கிளம்ப முடியாது, பின்னால் வருகிறவர் வந்து இடிப்பார். கைப்பிரேக் வண்டி வேண்டும் என்று கடையில் முதலிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

செல்போனில் மேப் பார்த்தபடி ஓட்டலாம் என்றும் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது 2019 ஜூலை முதல் இங்கே குற்றம், அபராதம் உண்டு. கூடவே வந்த படத்தில் ஒரு குடும்பம் சிவப்பு நிறச் சைக்கிள் பாதையின் நடுவில் நின்று சிரிக்கிறது. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர் அங்கே ஒரு நிமிடம் நின்று பார்த்ததுண்டா?

மனத்தாங்கல் இன்றைக்கு வந்ததல்ல. வெனிஸில் சைக்கிளில் சுற்றலாம் என்று முன்பு எழுதினீர்கள். அந்தப் பழைய நகருக்குள் சைக்கிளுக்கே அனுமதியில்லை. ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்கு அஞ்சிச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த இல்லத்துக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கச் சொன்னீர்கள். அங்கே டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் திறப்பார்கள். அப்போதெல்லாம் பணிவாகவே எழுதினேன். ஒரு வரித் திருத்தம்கூட வரவில்லை.

ஆம்ஸ்டர்டாமின் பழைய ஊரைக் கால்நடையாகத்தான் பார்க்க வேண்டும். 1613-இல் தொடங்கி வெட்டிய கால்வாய் வளையம் 2010 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கரையோர வீடுகளின் உச்சியில் ஒரு உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் கொக்கி. படிக்கட்டு குறுகல் என்பதால் கட்டில், பீரோவெல்லாம் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போகும். ஏற்றும் பொருள் சுவரில் இடிக்காதபடி முகப்பையே முன்னால் சாய்த்துக் கட்டிய வீடுகளும் உண்டு. சைக்கிளில் போகிறவர் தலையைத் தூக்கி இதையெல்லாம் எப்படிப் பார்ப்பார்? கடைத்தெருவான கால்வர்ஸ்ட்ராட்டில் சைக்கிள் ஓட்டவே கூடாது.

சைக்கிள் ஆசை இருந்தால் அதற்கும் இடமிருக்கிறது. ரயில் நிலையத்தின் பின்பக்கம் ஆற்றைக் கடக்கும் படகில் சைக்கிளோடு இலவசமாக ஏறலாம். அக்கரையிலிருந்து கிழக்கே கரைமேட்டு வழியாக டூர்கர்டாம் என்ற சிற்றூர் வரை நெரிசலில்லாமல் போகலாம். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்க்கும். பாதித் தெம்பைத் திரும்புவதற்கு மிச்சம் வைக்க வேண்டும். நிறுத்துமிடத்தில் பின்சக்கரப் பூட்டு மட்டும் போதாது. சங்கிலியைச் சட்டத்தோடும் முன்சக்கரத்தோடும் சேர்த்துக் கம்பியில் மாட்ட வேண்டும்.

கோடை விடுமுறைக்கு முன் அரைப் பக்கம் ஒதுக்கி இதைத் திருத்தி வெளியிடுங்கள். அவ்வளவு இடமில்லை என்றால் வலப்பக்கம், தண்டவாளம், பிரேக் இந்த மூன்றையாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஆம்ஸ்டல்வேன், நெதர்லாந்து