நாளைய கூட்டுப் புலனாய்வுப் பயிற்சி: கவனிக்க

நண்பர்களே, நாளை பனாமா ஆவணங்களின் (பனாமா நாட்டுச் சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்த, வெளிநாட்டு நிறுவனங்களின் உரிமையாளர்கள் பற்றிய கோப்புகள்) பொதுத் தரவுத்தளத்தில் தேடிப் பழகுகிறோம். 1.15 கோடி கோப்புகளை 370-க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் அலசி, 2016 ஏப்ரல் 3 அன்று ஒன்றாக வெளியிட்ட வேலை அது.

பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டலில் வரும். பிறந்த தேதி, முகவரி, நிறுவனப் பதிவு எண் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

அதிகம் சறுக்குவது, செய்தியில் பெயர் வருபவரிடம் விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதத்தில்தான். ஒருவர் முந்திக்கொண்டால் எதிர்த்தரப்பு உஷாராகிவிடும். கூட்டாக உழைக்கும் மற்ற நாட்டுச் செய்தியாளர்களின் உழைப்பு கெடும். அனுப்பும் நாளைச் சேர்ந்தே குறியுங்கள். வெளியீட்டு நேரத்தை யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள்: அதில் 18:00 என்றால் இந்தியாவில் இரவு 11.30.

கோப்பு எதையும் இந்தக் குழுவில் போட வேண்டாம். சிக்னல் செயலியில், செய்திகள் தானாக மறையும் வசதியை இன்றே இயக்கிவிடுங்கள்.