கயல் போகவிருக்கும் செயின்ட் ஹெலினா

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு மூட்டுவலி குறைந்திருப்பதையும், கயல்விழிக்குச் செயின்ட் ஹெலினா ஆஸ்பத்திரியில் செவிலியர் வேலைக்கு அழைப்பு வந்திருப்பதையும் படித்து மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். "வரைபடத்தில் தேடினால் கடல்தான் தெரிகிறது, பெண்ணைத் தனியே அனுப்பலாமா" என்று கேட்டிருக்கிறாய். அனுப்பலாம். ஆனால் போகிற இடம் எப்படிப்பட்டது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தீவில் எதைப் பார்த்தாலும் "இது இங்கே எப்படி வந்து சேர்ந்தது" என்று கேட்டுப் பழகச் சொல். மனிதர்கள், வெங்காயம், சட்டம், பணம் எல்லாம் கடல் தாண்டி வந்தவை. வந்த வழி தெரிந்தால் தீவும் புரியும்.

தென் அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற எரிமலைத் தீவு அது. பரப்பு 122 சதுர கிலோமீட்டர். நீளவாக்கில் பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் நேர்சாலை எதுவும் கிடையாது. கரையெங்கும் செங்குத்தான, புல் முளைக்காத பாறைச் சுவர்கள். நடுவே 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த டயானா சிகரம், பெரும்பாலும் மூடுபனிக்குள். வெயிலும் வறட்சியும் உள்ள தலைநகர் ஜேம்ஸ்டவுனிலிருந்து காரில் அரை மணி நேரம் ஏறினால் பெரணி மரங்கள் நிற்கும் ஈரக்காட்டுக்குப் போய்விடலாம். தீவின் குடிநீருக்கு இந்தக் காடு முக்கியமான ஆதாரம். தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கொண்டுவரும் மேகத்தை இலைகளும் பாசியும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்குகின்றன. காடு அழிந்த இடத்தில் அதே மேகம் தண்ணீர் தராமல் கடந்து போய்விடுகிறது.

காடு அழிந்ததற்கும் வந்து சேர்ந்தவையே காரணம். 1502இல் போர்ச்சுகீசியர் தீவைக் கண்டபோது அங்கே மனிதர் யாரும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஆடுகள் பெருகி, முளைக்கிற கன்றுகளையெல்லாம் தின்றன. பிறகு வந்தவர்கள் விறகுக்கும் தோல் பதனிடவும் மரங்களை வெட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டில் நார் எடுப்பதற்காக நியூசிலாந்துச் சணலை மலைச்சரிவெங்கும் நட்டார்கள். பிரிட்டிஷ் தபால் துறை மூட்டை கட்டச் செயற்கைக் கயிற்றுக்கு மாறியதும், 1966இல் ஆலைகள் மூடப்பட்டன. சணல் மட்டும் இன்றும் காட்டை நெருக்கிக்கொண்டிருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான உயிரினங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பூச்சிகளும் சிறு பிராணிகளும். செயின்ட் ஹெலினா ஆலிவ் என்ற மரம் நம் காலத்தில்தான், 2003இல், கடைசிச் செடியும் பட்டு அற்றுப்போனது. 2000ஆவது ஆண்டிலிருந்து தீவு மக்கள் தாங்களே குழி வெட்டிப் பசைமரக் கன்றுகளை நட்டு 'மில்லேனியம் காடு' என்று ஒன்றை வளர்த்துவருகிறார்கள். கயல் ஒரு விடுமுறை நாளிலாவது அங்கே போய்க் கன்று நட வேண்டும்.

2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4,439. தங்களை அவர்கள் 'செயின்ட்ஸ்' என்று சொல்லிக்கொள்வார்கள். ஆங்கிலேயர் ஆளும் தீவு என்பதால் ஆங்கிலேயர் வாழும் தீவு என்று நினைத்துவிடாதே. கிழக்கிந்தியக் கம்பெனி 1659இல் அங்கே கோட்டை கட்டியது. சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சரக்கேற்றி லண்டன் திரும்பிய கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் எடுக்கும் இடம் அது. கம்பெனி அழைத்துவந்த குடியேறிகள், மடகாஸ்கரிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த சீனர்கள் என எல்லோரும் கலந்து உருவான மக்கள் இவர்கள். ஒரே குடும்பத்துக்குள் எல்லா நிறமும் இருக்கும். பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் வேகமாக, தங்களுக்கே உரிய உச்சரிப்பில். முதல் சில வாரம் நோயாளி சொல்வது புரியவில்லையென்றால் தயங்காமல் திரும்பக் கேட்கச் சொல்.

நெப்போலியனைப் பற்றி நீ கட்டாயம் கேட்பாய். 1815 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். லாங்வுட் இல்லத்தில் வைத்திருந்தார்கள். 1821 மே 5 அன்று இறந்தார். 1840இல் உடலை பாரிசுக்கு எடுத்துப்போனார்கள். லாங்வுட்டும் கல்லறை இருந்த பள்ளத்தாக்கும் 1858 முதல் பிரெஞ்சு அரசின் சொத்து. இவ்வளவு போதும். உலகம் அவரைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதிவிட்டது.

எழுதப்படாமல் கிடந்தது வேறொன்று. அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த பிறகு, களவாக அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்தது. அவற்றிலிருந்த ஆப்பிரிக்கர்களை 1840 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தீவில் இறக்கினார்கள். ஏறக்குறைய 27,000 பேர். கப்பலின் அடித்தட்டிலேயே வயிற்றுப்போக்கும் அம்மையும் பிடித்துக் கரையிறங்கியவர்கள். சுமார் 8,000 பேர் ரூப்பர்ட்ஸ் பள்ளத்தாக்கில் புதைக்கப்பட்டார்கள். பெரும்பாலும் இளையவர்கள், குழந்தைகள். பிழைத்தவர்களில் மிகுதியானோரைக் கூலி வேலைக்கு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கேப் டவுனுக்கும் அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்துக்குச் சாலை போடுவதற்காக அந்தப் பள்ளத்தாக்கைத் தோண்டியபோது 325 பேரின் எலும்புகள் கிடைத்தன. பல ஆண்டுகள் பெட்டிகளில் இருந்தபின், 2022இல்தான் அவற்றை மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்தார்கள். தீவைப் பார்க்கப் போகிற எவரும் முதலில் நிற்க வேண்டிய இடம் அந்தப் பள்ளத்தாக்குதான் என்பது என் எண்ணம்.

ஆட்சி முறையைக் கேட்டிருக்கிறாய். செயின்ட் ஹெலினா, அசென்ஷன், டிரிஸ்டன் ட குன்யா மூன்றும் சேர்ந்து ஒரே ஆட்சிப்பகுதி. அசென்ஷன் வடமேற்கே 1,300 கிலோமீட்டர், டிரிஸ்டன் தெற்கே 2,400 கிலோமீட்டருக்கும் மேல். 2009 அரசியலமைப்பு மூன்றையும் சம அந்தஸ்தில் வைத்தது. அதற்கு முன் மற்ற இரண்டும் செயின்ட் ஹெலினாவின் சார்புப் பகுதிகள். மன்னர் பெயரால் ஆளுநரை லண்டன் நியமிக்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு, காவல்துறை உள்ளிட்ட உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவை அவர் பொறுப்பு. மற்றவற்றைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பார்க்கிறார்கள். சட்டமன்றத்தில் 12 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். தீவு முழுவதும் ஒரே தொகுதி. கட்சி அரசியல் இல்லாத தேர்தல். 2021 அக்டோபர் தேர்தல் வரை உறுப்பினர்கள் குழுக்களாக உட்கார்ந்து துறைகளைக் கவனித்தார்கள். எதற்கு யார் பொறுப்பு என்று மக்களுக்குத் தெரியாமல் போனதால், அந்தத் தேர்தலோடு முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களும் கொண்ட முறைக்கு மாறினார்கள். முதல் முதலமைச்சர் ஜூலி தாமஸ். சுகாதாரத்துக்கென்று ஓர் அமைச்சர் உண்டு என்பதால் கயலின் ஆஸ்பத்திரிக்கும் பதில் சொல்லப் பெயரும் முகமும் உள்ள ஒருவர் இருக்கிறார்.

ஆனால் வரவுசெலவுத் திட்டத்தில் பெரும் பங்கு லண்டன் தரும் நிதியுதவி. அமைச்சர்கள் என்ன திட்டம் போட்டாலும் ஆண்டுதோறும் அந்தப் பேச்சுவார்த்தைக்குத்தான் காத்திருக்க வேண்டும். தீவு மக்களைச் சோம்பேறிகள் என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. அது அநியாயம். 1855இல் அந்தத் துறைமுகத்துக்கு 1,100 கப்பல்கள் வந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது; நீராவிக் கப்பல்களும் பெருகின. 1889இல் வந்தவை 288. பிழைப்பைக் கொண்டுவந்த வழியே வேறு பக்கம் திரும்பிவிட்டால் நாலாயிரம் பேர் என்ன செய்ய முடியும்? அதற்கு மேல், 1981 குடியுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பிரிட்டனில் வாழும் உரிமையையும் பறித்தது. இரண்டாம் சார்லஸ் 1673இல் தந்த சாசனத்தில் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்குச் சமமான உரிமை எழுதப்பட்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டிப் பல ஆண்டுகள் போராடி, 2002 மே மாதத்தில் முழுக் குடியுரிமையை மீட்டார்கள். அதன் பின் இளைஞர்கள் பிரிட்டனுக்கும் ஃபாக்லாந்துக்கும் அசென்ஷனுக்கும் வேலை தேடிப் போவதால் தீவில் முதியவர்களின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. கயலைப் போன்றவர்களை வெளியிலிருந்து அழைப்பதற்குக் காரணம் அதுவே. நீரிழிவும் இரத்த அழுத்தமும் அங்கே அதிகம். அவளுடைய வேலையில் பாதி அவற்றோடுதான் இருக்கும். ஜேம்ஸ்டவுன் ஆஸ்பத்திரி சிறியது. அங்கே செய்ய முடியாத சிகிச்சைக்கு நோயாளியை விமானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவிலேயே இருந்து பழகியவளுக்கு இங்கே எல்லாப் பிரிவிலும் கைகொடுக்க வேண்டியிருக்கும்.

இனிப் பயணம். 2017 அக்டோபர் வரை 'ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா' என்ற தபால் கப்பல்தான் ஒரே வழி, கேப் டவுனிலிருந்து ஐந்து நாள். அந்த நிலையை மாற்ற 28.5 கோடி பவுண்டு செலவில் விமான நிலையம் கட்டினார்கள். சமதரை இல்லாததால், 'ட்ரை கட்' என்ற பள்ளத்தாக்கில் சுமார் 80 லட்சம் கனமீட்டர் பாறையைக் கொட்டி, 100 மீட்டர் உயரத்துக்கு நிரப்பி ஓடுபாதை போட்டார்கள். 2016இல் பரிசோதனை விமானங்கள் வந்தபோதுதான் சிக்கலின் முழு அளவும் தெரிந்தது. காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசும். காற்றை எதிர்த்து இறங்க வேண்டுமானால் விமானம் வடக்கிலிருந்து வர வேண்டும். அந்த முனையிலோ கடலிலிருந்து 300 மீட்டர் எழும் பாறைச் சுவர். அதில் மோதும் காற்று மேலும் கீழுமாகச் சிதறி, சில நொடிகளுக்குள் வேகத்தையும் திசையையும் மாற்றும். தெற்கிலிருந்து வந்தால் காற்று முதுகில் தள்ளும். நிற்க அதிக தூரம் பிடிக்கும். ஆகவே சிறிய விமானம், குறைந்த சுமை. 1836இல் அங்கே வந்த சார்லஸ் டார்வின், தான் நிற்கும் மலை விளிம்பில் அமைதியாக இருக்க, சில கெஜம் தள்ளிப் பறவைகள் கடுங்காற்றோடு போராடியதைக் குறித்துவைத்திருக்கிறார்.

கடைசியில் 2017 அக்டோபர் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 190 விமானம் ஜோகனஸ்பர்க்கிலிருந்து முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. 'பயனற்ற விமான நிலையம்' என்று லண்டன் பத்திரிகைகள் எழுதியதை நான் ஏற்க மாட்டேன். ஐந்து நாள் கப்பலில் போகத் தாங்காத நோயாளியை ஒரே நாளில் கரைசேர்க்கிற விமானத்துக்கு அப்படி ஒரு பெயர் வைக்கக் கூடாது. அந்த விமானம் போகும்போது நமீபியாவின் வால்விஸ் பே ஊரில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொள்கிறது. தீவில் இறங்க முடியாவிட்டால் கண்டத்துக்கே திரும்ப வேண்டும், அதற்கும் எண்ணெய் வேண்டுமே. காற்றாலும் தாழ்ந்த மேகத்தாலும் பயணம் தள்ளிப்போவது வழக்கம். அதனால் ஊர் திரும்பும்போது ஜோகனஸ்பர்க்கில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டே இந்தியாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக இருந்தால், ஒன்று தவறும்போது மற்றதன் பணமும் போகும். நம் பாஸ்போர்ட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா வேண்டும். ஜோகனஸ்பர்க்கில் விமான நிலையத்துக்கு வெளியே ஓர் இரவு தங்குவதானாலும் அது இல்லாமல் முடியாது, ஆகவே அதற்கு இப்போதே மனுப் போடச் சொல். அவசரத்துக்கு விமானத்தில் வெளியேற்றும் செலவையும் ஏற்கிற மருத்துவக் காப்பீட்டுச் சான்று இல்லாமல் தீவுக்குப் போக முடியாது. வேலை தருபவர் அதை எடுக்கிறாரா, அவளே எடுக்க வேண்டுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

சரக்கு இன்னமும் கேப் டவுனிலிருந்து கப்பலில்தான் வருகிறது. கப்பல் தாமதமானால் முதலில் காலியாவது பழமும் காய்கறியும். உள்ளூர் விளைச்சல் தேவைக்குப் போதாது. மீன் மட்டும் தாராளம், அதிலும் சூரை. நம் சமையலுக்கு வேண்டிய புளி, பெருங்காயம், மிளகாய்த்தூள் எல்லாம் பெட்டியில் கட்டிப்போவது நல்லது. ஆனால் விதையோ செடியோ மண் ஒட்டிய பொருளோ ஒன்றுகூட வேண்டாம். உயிர்ப் பாதுகாப்புச் சோதனை கடுமை, அதற்குக் காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

பணம், செயின்ட் ஹெலினா பவுண்டு. பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம், ஆனால் தீவையும் அசென்ஷனையும் தாண்டினால் செல்லாது. தீவைவிட்டுப் புறப்படும் முன் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே வங்கி. வெளிநாட்டு அட்டையை நம்பிப் போகாமல் கையில் பிரிட்டிஷ் பவுண்டு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்னால். கைபேசியே அங்கே 2015இல்தான் வந்தது. கடலடி இணையக் கேபிள் 2023 முதல் இயங்குகிறது. ஆகவே முகம் பார்த்துப் பேசலாம், தங்கச்சியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

குடியிருப்பு எங்கே தருகிறார்கள் என்பது முக்கியம். ஜேம்ஸ்டவுனில் கிடைத்தால் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், சற்று வெக்கை. மேலே ஹாஃப் ட்ரீ ஹாலோ என்றால் மலைச்சாலையில் தினம் ஏறி இறங்கக் கார் வேண்டும். ஊரையும் அந்த மேட்டையும் இணைக்கும் 'ஜேக்கப்ஸ் லேடர்' 699 படிகள், ஒவ்வொன்றும் உயரம். நல்ல முட்டிக்கும் கடினம். லாங்வுட் பக்கம் குளிர்காற்றும் ஈரமும், துணி காயாது. வண்டி இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். குறுகிய சாலையில் ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். எதிரே வருபவர் எல்லோரும் கையசைப்பார்கள், அவளும் அசைக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பு. ஆண்டுக்கு எத்தனை முறை ஊர் வரப் பயணச் செலவு தருகிறார்கள், விமானம் தள்ளிப்போன நாட்களை விடுப்பில் கழிப்பார்களா, வீட்டு வாடகை யார் பொறுப்பு, வருமான வரி எவ்வளவு பிடிப்பார்கள், இந்த நான்கையும் முதலில் பார்ப்போம்.

அன்புடன்,
ராகவன்