பத்தாவது கேள்விக்கு நான் போட்ட புள்ளி

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகன்,

ஃபோனில் சொன்னால் "சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முதல் நாள் கொட்டுகிற மழையில் ஓடிப்போய், ஒரு போத்தல் சாராயம் வாங்கித் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாய். அந்த ஈரத் துவாயைக் காயப்போட எடுத்தவன் நான். நாளைக்குக் கடை பூட்டு என்ற அவசரம் எனக்குத் தெரியாததா? உன் வயதில் இதே காலி வீதியில் நானும் அப்படி ஓடியவன்தான். உனக்கு 21 தாண்டிவிட்டது, சட்டம் தடுக்காது. குடித்ததற்காக நான் எழுதவில்லை.

மறுநாள் காலை ஃபோனில் உன் சிநேகிதனிடம், "மச்சான், நேற்று நான் என்ன கதைச்சனான்?" என்று சிரித்துச் சிரித்துக் கேட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறியில் தூங்கிப்போவது வேறு. இது, விழித்திருந்து கதைத்துத் திரிந்தும் மூளை எதையும் பதியாமல் விட்டது. "எனக்கு லேசில் ஏறாது" என்றும் சொன்னாய். அது கெட்டித்தனமில்லை, உடம்பு பழகிவிட்டது.

குடிப்பழக்கத்தை அளந்து பார்க்க உலக சுகாதார நிறுவனத்தின் 'ஓடிட்' (AUDIT) என்ற கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. பத்துக் கேள்வி, மொத்தம் 40 புள்ளி. 8 வந்தாலே கவனிக்க வேண்டும். எட்டாவது கேள்வி, முதல் நாள் இரவு நடந்தது மறந்துபோவதைப் பற்றி. பத்தாவது, உன் குடியைப் பற்றி வீட்டாரோ நண்பரோ டொக்டரோ கவலைப்பட்டார்களா என்பது. கடந்த ஒரு வருடத்துக்குள் என்றால் 4. அதை நானே போட்டுவிட்டேன். மிச்சம் ஒன்பதையும் நீ போடு. "பியர்தானே" என்று கணக்கைக் குறைக்காதே. 10 கிராம் மதுசாரத்தை ஓர் அளவாக எடுத்தால், 8.8 வீத பியர் அரை லீட்டர் டின் ஒன்றே கிட்டத்தட்ட மூன்றரை அளவு.

அப்புறம், உன் அறைப் பெடியன் எவனாவது தட்டியும் எழும்பாவிட்டால், தூங்கித் தெளியட்டும் என்று விடாதே. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 1990க்கு அடி. அம்புலன்ஸ் வரும், காசில்லை. உனக்கு என்னோடு கதைக்க வெட்கமென்றால், மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. சனிக்கிழமை காலை ரயிலில் பேராதனைக்குக் கொண்டு வருகிறேன். கேள்வித்தாள் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் என் பழைய கணக்கைப் போட்டுவிட்டேன். 27.

அப்பா