அந்தப் படிக்கட்டு வரைக்கும் போனேன், அண்ணா

அன்புள்ள அண்ணா,

வருகிற வியாழக்கிழமை அப்பாவுக்கு மூன்றாவது ஆண்டு. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். காசு விஷயம் எதையும் இங்கே தொடமாட்டேன்.

பள்ளிக்கூட லீவில், நீங்கள் வேலை பார்த்த மாலைதீவுத் தலைநகர் மாலேக்குப் போய் வந்தேன். மூன்று நாள், டூரிஸ்டாக. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பிளேனில் ஒன்றரை மணித்தியாலம்தான். மலையில் இருக்கிற நம் ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் பிடித்தது. இவ்வளவு பக்கத்திலா இருந்தீர்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது. விமான நிலையத் தீவிலிருந்து மாலேக்கு நீங்கள் வாந்தி எடுத்துக்கொண்டு தோணியில் கடந்த இடத்தை நான் பாலத்தின் மேல் பஸ்ஸில் கடந்தேன். 2018-இல் பாலம் திறந்த பிறகு போகிறவர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

1658-இல் கட்டிய பழைய பள்ளிவாசலைப் பார்த்தேன். பவளக்கல்லைச் செதுக்கி, சாந்து வைக்காமல் கல்லோடு கல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். பூ வேலையைத்தான் நான் பார்த்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த இணைப்பைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். காலையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ரொஷி என்கிற ரொட்டியும் மஸ்ஹுனியும் தந்தார்கள். சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், கொச்சிக்காய். ஒரு வாய் வைத்ததும் அம்மாவின் ரொட்டியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும்தான் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை.

அப்புறம் கடல் சுவருக்குப் போனேன். அங்கேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அம்மா வீட்டு வாசல் இஸ்தோப்பு ஓரத்தில் நிற்கிறார், அங்கே மட்டும்தான் சிக்னல் வரும். மழை. நீங்கள் வீடியோவில் அந்த நாலுகால் கொங்கிரீட் கட்டைகளைக் காட்டுகிறீர்கள். "1987-ல கடல் ஊருக்குள்ள வந்துச்சாம்மா. அப்புறம் ஜப்பான்காரன் காசு குடுத்து இத கட்டுனான். சுனாமிக்குக்கூட இதுதான் காப்பாத்துச்சாம்." அம்மா ஒன்றும் காதில் வாங்கவில்லை. "கடல் கெடக்கட்டும்பா. நீ படுக்குற எடத்தக் காட்டு." நீங்கள் போனை இன்னும் கொஞ்சம் திருப்பினீர்கள். மறுபடியும் கடல். அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று நான்தான் சொன்னேன்: "அண்ணன் கடல் காத்து வாங்குது, நாமதான் இங்க அட்டை கடி வாங்கிக்கிட்டு கெடக்குறோம்." நீங்கள் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, என்ன தெரியும்? சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள்.

பார்சல் அனுப்ப நீங்கள் தந்த முகவரி என் பழைய கொப்பியில் இருந்தது. வீட்டுப் பெயரை வைத்துத்தான் தேடினேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. இரண்டாம் மாடிப் படிக்கட்டில் செருப்புகள். எண்ணினேன், பதினேழு ஜோடி. ஒன்றில் வார் அறுந்து, கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தது. ஒரு வங்காளத்துப் பையன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். அதற்குள் தெரிந்தது போதும். கட்டிலுக்கு மேல் கட்டில், அதற்கு மேலும் ஒன்று. ஜன்னல் இருந்த மாதிரித் தெரியவில்லை. 4,000 அடி உயரத்தில் காற்றோடு வளர்ந்த மனுஷன் நீங்கள். அங்கே எத்தனை வருஷம்!

அன்று இரவு அம்மா வீடியோவில் வந்தார். "அண்ணன் இருந்த ரூமப் பாத்தியா பாப்பா?" நான் போனைத் திருப்பினேன். கடலைக் காட்டினேன்.

அப்பா செத்த அன்று உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கையில் இல்லை என்பதையும் அங்கேதான் கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள், யார் வைத்திருந்தார்கள் என்று இங்கே எழுதமாட்டேன். இரண்டு நாள் பெட்டியை வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருந்தோம். கடைசியில் மாமாதான் கொள்ளி வைத்தார். "வேலை, வர முடியல" என்றீர்கள். "அங்கேயே கடலைப் பார்த்துக்கிட்டு இருங்க" என்று நான் போனை வைத்தேன். அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன், அண்ணா. எல்லாருக்கும் முன்னால் கேட்கிறேன். ஆனால் மூன்று வருஷம் என்னை அப்படியே நினைக்க விட்டீர்களே, அதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் உங்களைப் பேசியபோது நானும் சேர்ந்து பேசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஒரு கிலோ மாசி வாங்கி வந்தேன். வியாழக்கிழமை படையலுக்கு அப்பாவுக்குப் பிடித்த சம்பலை அம்மா இடிக்கப் போகிறார். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புதன்கிழமையே வந்துவிடுங்கள். ராத்திரி பனி இருக்கும், பிள்ளைகளுக்கு சுவெட்டர் எடுத்து வாருங்கள்.

பாப்பா